வாசகர் கேள்வி – பதில்: 1748இல் புதுச்சேரி ஏன் விழவில்லை?

1748ஆம் ஆண்டுப் புதுச்சேரி முற்றுகை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். பின்னணி இதுதான். 1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை சென்னையைப் பிடித்தது. சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குப் பெரிய பிடிமானமாக மிஞ்சியது கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டை. பதிலடியாகப் புதுச்சேரியைப் பிடிக்க ரியர் அட்மிரல் எட்வர்ட் பாஸ்கவெனை லண்டன் அனுப்பியது. ஏற்கெனவே இங்கிருந்த கப்பல்களும் சேர்ந்ததும் அவர் கையில் சிறிதும் பெரிதுமாக ஏறக்குறைய 30 கப்பல்கள். கரையில் இறக்கிய படையில் ஐரோப்பியர் 3,700 பேருக்குக் குறையாமலும் சிப்பாய்கள் 2,000 பேர் அளவிலும் இருந்தனர். எதிரே, புதுச்சேரிக்குள் ஆளுநர் டூப்ளேயிடம் 1,800 ஐரோப்பியரும் 3,000 சிப்பாய்களும். ஆகஸ்ட் 19 அன்று தேவனாம்பட்டினத்திலிருந்து கிளம்பிய படை, அக்டோபர் 17 அன்று ஊரைப் பிடிக்காமலே திரும்பியது.

இத்தனை கப்பல்கள், ஒவ்வொன்றிலும் ஐம்பது அறுபது பீரங்கிகள். கடலில் நின்றபடியே சுட்டு ஊரைப் பணிய வைத்திருக்க முடியாதா? (கடலூர் வாசகர்)

முடியாது. முற்றுகையைப் புரிந்துகொள்ள முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

புதுச்சேரிக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் படகில் கரை வரும். கடலின் அடித்தளம் கரையிலிருந்து மெல்ல மெல்லத்தான் ஆழம் கொள்கிறது. பெரிய போர்க்கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் 6 மீட்டரை ஒட்டி இறங்கியிருக்கும். அலை தாழும்போது தரை தட்டாமலிருக்க மேலும் இரண்டு மூன்று மீட்டர் வேண்டும். அப்படியானால் நம் மீனவர் கணக்கில் குறைந்தது 5 பாகம் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) ஆழம். அந்த ஆழம் கிடைக்கும் இடத்தில் நின்றால் ஊர்ச்சுவர் வெகுதூரத்தில் இருக்கிறது. பாஸ்கவெனின் கப்பல்கள் ஏறக்குறைய 1,000 கெஜத்துக்கு அப்பால் நின்றுதான் சுட்டன.

1,000 கெஜத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பல் ஓயாமல் இருபுறமும் சாய்ந்தாடுகிறது. திரிக்குத் தீ வைக்கும் கணத்தில் அது ஒரே ஒரு பாகை கூடவோ குறையவோ சாய்ந்திருந்தாலும், 1,000 கெஜம் தள்ளிக் குண்டு சேரும் உயரத்தில் 17 கெஜம் வித்தியாசம் வந்துவிடும். கடற்கரைக் கோட்டைச் சுவர்கள் பல அதில் பாதி உயரம்கூட இரா. ஆகவே குண்டு ஒன்று மணலில் புதையும், அல்லது தலைக்கு மேலே பறந்து ஊருக்குள் எங்கோ விழும். சுவரை உடைக்கக் குண்டுகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழ வேண்டும். ஆடும் மேடையிலிருந்து அது நடக்காது. கரையிலிருக்கும் பீரங்கிக்கு இந்தச் சிக்கல் இல்லை. முதல் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து அடுத்ததைத் திருத்திச் சுடலாம், குறியோ அசையாமல் நிற்கும் பெரிய மரக்கலம்.

இன்னொன்று. புதுச்சேரிக்கு முன்பு கடல் பக்கம் சுவர் இருக்கவில்லை. நிலப்பக்கம் மூன்றில்தான் மதில். டூப்ளே ஆளுநரான பிறகு கடலோரத்தையும் மதிலும் பீரங்கி மேடைகளும் கொண்டு அடைத்தார். பாஸ்கவென் வந்தபோது பழைய திறந்த கரை இல்லை.

கப்பல்கள் சுட்டதன் பலனை ஆங்கிலேயத் தரப்பு வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் மறைக்காமல் எழுதியிருக்கிறார்: தெருவில் போன ஏழைத் தமிழ் மூதாட்டி ஒருத்தி இறந்தாள், அவ்வளவுதான். அத்தனை மருந்தும் குண்டும் செலவழித்துக் கிடைத்தது பெயர்கூடப் பதிவாகாத ஒரு பெண்ணின் சாவு. போர்க்கணக்கில் இதை ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகக் கப்பற்படையின் உண்மையான வேலை வேறு: ஆளையும் பெரும்பீரங்கியையும் மருந்தையும் கொண்டுவந்து இறக்குவது, பிரெஞ்சுக்காரருக்குக் கடல்வழி உதவி வராமல் தடுப்பது. ஊரைப் பிடிக்க வேண்டியது நிலத்தில்.

அரியாங்குப்பத்தில் நடந்த சண்டை முற்றுகையின் போக்கையே மாற்றியது என்கிறார்களே, உண்மையா? (அரியாங்குப்பம் வாசகர்)

உண்மை. தோல்வியின் முதல் பாதி உங்கள் ஊரில்தான் தீர்மானமானது.

தெற்கிலிருந்து வரும் படைக்குப் புதுச்சேரியின் வாசல் அரியாங்குப்பத்து ஆறு. அதன் தென்புறத்தில் பிரெஞ்சுக்காரர் சிறிய கோட்டை ஒன்று வைத்திருந்தனர். முக்கோண வடிவம், சுற்றிலும் ஆழமான உலர் அகழி, அதற்கு வெளியே காவற்பாதை, வெளிப்பக்கம் சரிந்து இறங்கும் மண்மேடு. அளவில் சிறியதுதான், கட்டமைப்பில் முழுக் கோட்டை. ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த பிரெஞ்சுப் பெரும்பீரங்கிகள், கோட்டையை நெருங்குவோரைப் பக்கவாட்டில் அடிக்க வசதியாக நின்றன.

இதை யாரும் ஒழுங்காக வேவு பார்க்கவில்லை. கோட்டை பலவீனமானது, உள்ளே ஆட்கள் சொற்பம் என்ற தகவலை நம்பி, 700 பேரை நேரடியாக ஏவினார்கள். அகழியின் ஆழமும் தெரியாது, சுவரின் உயரமும் தெரியாது. அகழி விளிம்பில் போய் நின்ற பிறகு மேலே ஏற வழியில்லை, ஆற்றின் அக்கரையிலிருந்தும் குண்டு வருகிறது. சுமார் 150 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தனர். பீரங்கிப் படையை நடத்த வந்த அனுபவசாலி மேஜர் குட்இயரும் இங்கேதான் உயிருக்கு ஆபத்தான காயம் பட்டார். பிறகு முற்றுகையில் பீரங்கி வேலை தடுமாறியதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம்.

அடுத்து முறைப்படி பீரங்கி மேடை போடலானார்கள். இரவோடு இரவாக ஒரு மேடை எழுந்தது. விடிந்ததும் பார்த்தால் மேடைக்கும் கோட்டைக்கும் நடுவே அடர்ந்த தோப்பு. கோட்டையே கண்ணில் படவில்லை. பகலில் ஒருவர் போய் நின்று பார்வைக்கோட்டைக் குறித்துவைத்து, இரவில் அதன் மேல் கயிறு பிடித்து மண் போடுவதுதான் வழக்கமான முறை. அந்த ஒரு படியைத் தாண்டிப் போனதற்கு ஓர் இரவின் உழைப்பு முழுவதும் விலை.

பிரெஞ்சுக் குதிரைப்படையும் காலாட்படையும் வெளியே பாய்ந்து தாக்கியபோது, பதுங்குகுழியில் இருந்த கப்பலோட்டிகள் கலைந்து ஓடினர். ஓடாமல் நின்ற மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் சிறைப்பட்டார். கம்பெனிப் படையை இங்கே கட்டி எழுப்பியவர் அவர். சில வாரங்களுக்கு முன், ஜூன் மாதக் கடைசியில், டூப்ளே கடலூரைப் பிடிக்க அனுப்பிய படையை முறியடித்தவரும் அவரே. பிரெஞ்சு ஒற்றர் பார்க்கும்படி பகலில் கடலூரிலிருந்து பீரங்கிகளையும் ஆட்களையும் கோட்டைக்கு எடுத்துப் போய், இருட்டியதும் ஓசைப்படாமல் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தார். காலி என்று நம்பி ஏணியோடு நள்ளிரவில் வந்தவர்கள் குண்டு மழையில் சிக்கினர். இந்த நிலத்தில் எப்படிப் போர் செய்வது என்று தெரிந்த அந்த ஒருவரைத்தான் பாஸ்கவென் தொடக்கத்திலேயே இழந்தார்.

கடைசியில் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது, ஆனால் அவர்கள் திறத்தால் அல்ல. பிரெஞ்சுத் தரப்பில் வெடிமருந்து தீப்பற்றி வெடித்துச் சுமார் நூறு பேர் செத்தும் ஊனமுற்றும் போக, மிஞ்சியவர்கள் கலங்கிக் கோட்டையைத் தாங்களே தகர்த்துவிட்டு ஊருக்குள் போய்விட்டனர். அதன் பிறகும் பாஸ்கவென் ஐந்து நாட்களை அதே கோட்டையைச் சீர்படுத்துவதில் செலவழித்தார். தேவனாம்பட்டினத்திலிருந்து கிளம்பிய நாளுக்கும் புதுச்சேரிக்கு எதிரே முதல் மண்வெட்டி விழுந்த நாளுக்கும் இடையே 22 நாட்கள். சிலநூறு பேரைக் காவலுக்கு எதிரே நிறுத்திவிட்டு மற்றவர்கள் ஊரைப் பார்த்து நகர்ந்திருந்தால், இந்த இடத்தில் இவ்வளவு நாள் போயிருக்காது என்பது எங்கள் கருத்து.

பதுங்குகுழியை 1,500 கெஜத்தில் தொடங்கியது பெருந்தவறு என்று படித்தேன். தூரத்தில் தொடங்குவது பாதுகாப்புதானே? (திருச்சி, பொறியியல் மாணவர்)

அப்படித் தோன்றும். அந்தக் காலத்து முற்றுகை எப்படி நடந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

எதிரியின் பீரங்கி ஆளைக் குறிபார்த்து அடிக்கமுடியாத எல்லைக்குச் சற்று உள்ளே, வழக்கமாக 800 கெஜத்தையொட்டி, முதல் குழி தோண்டுவார்கள். அது ஊர்ச்சுவருக்கு இணையாக ஓடும் நீண்ட குழி. இருட்டியதும் ஆட்கள் வரிசையாகப் போவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சுள்ளிக்கட்டு, ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி. பொறியாளர் காட்டும் கோட்டில் கட்டைக் கீழே வைத்து, அதற்குப் பின்னால் நின்று தோண்டுவார்கள். தோண்டிய மண் முழுவதும் எதிரி பக்கம் விழும். விடிவதற்குள் இடுப்பளவு பள்ளமும் அதற்கு முன் இடுப்பளவு மேடும் எழுந்துவிட்டால் ஆள் தலை மறையும். பகலில் அதை அகலப்படுத்துவார்கள்.

அங்கிருந்து சுவரை நோக்கி நேராகத் தோண்டினால், சுவரிலிருந்து சுடும் ஒரே குண்டு குழியின் நீளம் முழுவதும் உருண்டோடி ஆட்களை வாரிக்கொண்டு போகும். அதனால் கோணல்மாணலாக, ஒவ்வொரு திருப்பமும் ஊரின் மூலைக்கு வெளியே பார்க்கும்படி தோண்ட வேண்டும். பாதி தூரத்தில் இரண்டாவது இணைகுழி, அகழிக்கு வெளியே உள்ள சரிவின் அடியில் மூன்றாவது. கடைசி நூறு கெஜத்தில் மண் நிரப்பிய பிரம்புக் கூடைகளை ஒவ்வொன்றாக முன்னே உருட்டி வைத்து, அவற்றின் மறைவில்தான் வேலை. அகழி விளிம்புக்கு வந்த பிறகே சுவரை உடைக்கும் பெரும்பீரங்கிகள் தங்கள் உண்மையான வேலையைத் தொடங்கும்.

பாஸ்கவெனின் பொறியாளர்கள் செப்டம்பர் 10 அன்று 1,500 கெஜத்தில் தொடங்கினர். கூடுதலாக வந்த 700 கெஜம் கோணல் வழியில் இன்னும் நீளும். அதில் ஒவ்வொரு கெஜத்தையும் தோண்டவும் காக்கவும் ஆள் வேண்டும். அந்தத் தொலைவில் இருக்கும் குழியால் எதிரிக்கு ஒரு கெடுதலும் இல்லை. குழி நீளமானால் காவல் மெலிகிறது. மெலிந்த இடத்தில் எதிரி வெளியே வந்து தாக்குகிறான். அப்படி ஒரு தாக்குதலை உடனேயே பாரடி நடத்தினார். 1746இல் அடையாற்றுக் கரையில் ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் படையைச் சிதறடித்தவர் அவர்தான், பிரெஞ்சுத் தரப்பின் தலைசிறந்த பொறியாளர். தாக்குதல் முறியடிக்கப்பட்டு அவரும் உயிர்துறந்தார். அதன் பிறகு வணிகரான டூப்ளே தாமே மதில் மேல் நின்று பாதுகாப்பை நடத்தினார். அவர் அப்படி நின்றதற்கு உரிய மதிப்பைத் தரத்தான் வேண்டும்.

குழி 800 கெஜம் வரை வந்து சேர்ந்தது. அங்கே முன்னால் சதுப்பு. பிரெஞ்சுக்காரர் உப்பங்கழித் தண்ணீரைத் திருப்பிவிட்டு அதை மேலும் நிரப்பிவிட்டிருந்தனர். தோண்டத் தோண்ட நீர் ஊறும் நிலத்தில் குழி எப்படிப் போகும்? மற்றவர்கள் தொடங்கும் தூரத்தில் இவர்கள் முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வேறு வழியின்றி அதே இடத்தில் பீரங்கி மேடைகளைக் கட்டினார்கள்: ஒன்றில் 8, மற்றொன்றில் 4 பீரங்கிகள், 18 பவுண்டு, 24 பவுண்டு வகை. குண்டை மேலே எறிந்து ஊருக்குள் போடும் குட்டைப் பீரங்கிகளில் பெரியவை 5. இவை சுடத் தொடங்கியது அக்டோபர் 7. குழி தொடங்கி 27 நாள் கழித்து.

எதிரே மதிலிலிருந்து வந்த வெடி இதைப் போல இரண்டு மடங்கு. 24 பவுண்டுக் குண்டு 11 கிலோ எடை. கிட்டத்திலிருந்து அடித்தால் செங்கல் சுவரைப் பிளக்கும். 800 கெஜம் போவதற்குள் அதன் வேகமும் தளர்ந்துவிடும், குறியும் பரவிவிடும். சுவரில் கீறல் விழலாம், வழி திறக்காது.

இதில் திசைத் தேர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்தது ஊரின் வடமேற்குப் பக்கம். கப்பல்கள் ஊருக்கு வடக்கே வந்து நின்று சாமான்களை இறக்கின. இறக்கிய இடத்துக்கும் பாசறைக்கும் நடுவே நீண்ட பாதை. ஒரு 24 பவுண்டுப் பீரங்கி 2 டன்னுக்கு மேல் எடை. அலை மோதும் கரையில் ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசுலாப் படகுகளால் மட்டுமே சரக்கை இறக்க முடியும். பிறகு மணலில் கப்பலோட்டிகள் தோளில் கயிறு போட்டு இழுக்க வேண்டும். 12 பீரங்கிகள் ஒவ்வொன்றும் 50 குண்டு வீதம் ஒரு நாள் சுட்டால், குண்டு மட்டும் ஏறத்தாழ 6 டன், மருந்து இன்னும் 2 டன். நாள்தோறும் இவ்வளவும் அதே மணல்வழியில் வந்தாக வேண்டும். வடக்கே கடலோரமாக, இன்று குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும் இருக்கும் மணல்மேட்டுப் பக்கமாக நெருங்கியிருந்தால் பாதை சுருங்கியிருக்கும், சதுப்பும் குறுக்கிட்டிருக்காது. மணலில் குழியின் ஓரம் சரியும் என்பது மெய்தான். அதற்குத்தான் பிரம்புக் கூடையும் சுள்ளிக்கட்டும்.

அண்மைக் காலத்தில் ஆங்கிலேயர் இவ்வளவு திறமைக் குறைவாக நடத்திய முற்றுகைகள் மிகச் சிலவே என்ற கருத்தில் ஓர்ம் எழுதினார். கடுமையான தீர்ப்பு. எங்களுக்கு அதில் மாறுபட எதுவும் இல்லை.

மழை தொடங்கியதால்தான் ஊர் தப்பியது, இல்லாவிட்டால் விழுந்திருக்கும் என்கிறார் என் நண்பர். (காரைக்கால் வாசகர்)

மழை திரும்பிப் போகும் நாளைக் குறித்தது. தோல்வி அதற்கு முன்பே ஆகிவிட்டது. அக்டோபர் 7இல் சுடத் தொடங்கி, 11இல் போர்க்குழு கூடி முற்றுகையைக் கைவிடுவதென்று முடிவெடுத்தது. அந்த நான்கைந்து நாளில் மதிலில் வழி திறக்கும் அறிகுறியே இல்லை. பாசறையில் நோய் பரவிக்கொண்டிருந்தது.

ஆனால் பருவத்தை அவர்கள் அஞ்சியது சரியே. ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று எழும். திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குக் கரையே எதிரி. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1746 அக்டோபர் 13 இரவு, சென்னையைப் பிடித்த மகிழ்ச்சியில் தங்கிவிட்ட லா பூர்தொனேயின் கப்பல்களைப் புயல் நொறுக்கியது. பாஸ்கவெனுக்கு அது தெரியாததல்ல. நிலமும் நனைந்து தாழ்ந்துவிட்டால் பெரும்பீரங்கிகளைத் திரும்ப இழுத்துக் கப்பலேற்ற முடியாது, விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, மழைக்கு முன் இருந்த நாட்கள் எங்கே போயின என்பதுதான். வரும் வழியில் மொரீஷியசைப் பிடிக்கலாமா என்று ஜூலை தொடக்கத்தில் பார்த்தார். கரை பலமாக இருக்கிறதென்று சில நாளில் விட்டுவிட்டு வந்தார். ஆகஸ்ட் 9 அன்றுதான் தேவனாம்பட்டினம் சேர்ந்தார். ஆவணி முதல் வாரத்தில் படை நகர்கிறது. ஐப்பசி முதல் வாரத்தில் திரும்பியாக வேண்டும். கையிலிருந்தது இரண்டு மாதம். அதில் 22 நாள் அரியாங்குப்பம், 27 நாள் நெடுந்தூரக் குழி. மிச்சம் பத்து நாள்.

விலை: ஆங்கிலேயத் தரப்பில் இறந்த ஐரோப்பியர் 1,065 பேர். அதில் 757 படைவீரர், 43 பீரங்கிப் படையினர், 265 கப்பலோட்டிகள். புதுச்சேரிக்குள் இறந்தவர் 200 ஐரோப்பியரும் 50 சிப்பாய்களும். ஆங்கிலேயத் தரப்புச் சிப்பாய்களின் சாவுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

அந்த நாட்களில் ஊர்மக்கள் நிலை என்ன? ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியிருக்கிறாரா? (புதுச்சேரி வாசகர்)

எழுதியிருக்கிறார். டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடையாளருமாக, ஊருக்குள்ளேயே இருந்து பார்த்தவர். 1736இல் தொடங்கிய அவரது நாட்குறிப்பில் விபவ ஆண்டின் இந்த மாதங்கள் நெருக்கமாக எழுதப்பட்டவை. ஐரோப்பிய ஏடுகளில் கெஜமும் பீரங்கியும் இருக்கும். மதிலுக்குள் இருந்தவர்களின் பதைப்பு இருப்பது பிள்ளையின் தமிழில்தான்.

அதில் வலி மிகுந்த பகுதி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. சம்பா கோயில் எனப்படும் கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு அருகே இருந்த அந்தச் சிவன் கோயிலை அகற்ற வேண்டுமென்று சேசு சபையார் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்தனர். 1748 செப்டம்பர் முதல் பாதியில், எதிரி வாசலுக்கு வந்து ஊரார் கலங்கியிருந்த வேளையில், அது நடந்தேறியது. டூப்ளேயின் மனைவிக்கும் பாதிரிமாருக்கும் இதிலிருந்த பங்கைப் பிள்ளை வெளிப்படையாகவே எழுதி, ஊர்த் தலைவர்கள் ஒன்றுபட்டு நிற்காததையும் நொந்துகொள்கிறார். பாதுகாப்புத் தேவை இதைக் கோரியது என்று சொல்வதை எங்களால் ஏற்க முடியவில்லை. மதிலுக்கு உள்ளே இருந்த கோயில் எதிரிக்கு எந்த மறைவும் தந்திருக்காது. முற்றுகையை வெற்றியாகக் கொண்டாடுவோர் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ராபர்ட் கிளைவ் இதில் இருந்தாரா? (மதுரை வாசகர்)

இருந்தார், படையின் கடைநிலை அதிகாரியாக. முற்றுகையின் பதுங்குகுழிகளில் துணிச்சலாக நின்றதாகப் பெயர் வாங்கினார். பெரிய பொறுப்பு எதுவும் அவரிடம் இல்லை.

அப்படியானால் 1761இல் அதே ஊர் எப்படி விழுந்தது? (விழுப்புரம் வாசகர்)

ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வேறு வழியில் போனார். அவர் ஊரிலிருந்து தொடங்கவில்லை. ஊருக்குச் சோறு வரும் நாட்டிலிருந்து தொடங்கினார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையைத் தோற்கடித்த பிறகு, காரைக்கால் உட்பட ஒவ்வொரு பிரெஞ்சு இடமாக எடுத்தார். செப்டம்பரில் ஆங்கிலேயப் படை வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கமுள்ள காவல்களைப் பிடித்து எல்லைவேலிக்குள் நுழைந்தது. எல்லைவேலி என்பது ஊரைச் சுற்றி நெடுந்தூரம் வளைத்து வளர்த்த கள்ளியும் கற்றாழையும் பனையும் கலந்த முள்ளரண். சாலைகள் அதைக் கடக்கும் இடங்களில் மட்டும் காவல் மேடைகள். அதற்குள் இருந்த நிலந்தான் ஊரின் மாடு மேய்ச்சலும் காய்கறியும். அது போனதும் மதிலுக்குள் பட்டினி தொடங்கியது. லாலி உணவை மிச்சம் பிடிக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட தமிழ் மக்களை வெளியே துரத்தினார். அவர்களை ஆங்கிலேயரும் முதலில் போகவிடவில்லை. இரு படைகளுக்கும் நடுவே கிழங்கும் புல்வேரும் தின்று கிடந்தவர்களின் நிலை படிக்கவே நெஞ்சு பொறுக்காதது.

இரண்டாவது வேறுபாடு கடலில். அட்மிரல் ஸ்டீவன்ஸ் மழைக்காலத்திலும் கடற்காவலை முழுவதும் விலக்கவில்லை. சில கப்பல்களை நிறுத்திவிட்டு மற்றவற்றோடு திரிகோணமலைக்குப் போய், டிசம்பரில் திரும்பினார். 1761 புத்தாண்டு இரவுப் புயலில் அவருடைய கப்பல்கள் பல மூழ்கின, ஆயிரம் பேருக்கு மேல் கடலில் போயினர். ஆனாலும் ஒரு வாரத்துக்குள் மிஞ்சிய கப்பல்களும் திரிகோணமலைப் பக்கமிருந்து வந்தவையும் மறுபடி வரிசை கட்டின. அந்த இடைவெளியில் உணவுக் கப்பல் ஒன்றாவது வந்து சேராதா என்று லாலி ஏங்கினார், வரவில்லை. ஜனவரி 16 அன்று ஊர் சரணடைந்தது. பிள்ளை அதற்குச் சில நாள் முன் காலமாகியிருந்தார்.

பாஸ்கவெனுக்குப் பட்டினி போட இரண்டு மாதம் போதாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியிருந்தும் முறையான முற்றுகைக்கு அது போதுமான காலம்தான்.

அந்த மதிலில் இன்று ஏதாவது பார்க்க முடியுமா? (சென்னை வாசகர்)

மதில் இல்லை, 1761இல் வென்றவர்கள் அரண்களைத் தகர்த்தனர். மதில் ஓடிய வழியில் இன்று நடந்துபோகலாம். பழைய ஊரை முட்டை வடிவில் சுற்றும் சாலைகள் அந்த மதிலின் தடத்தையொட்டியவை: வடக்கே சர்தார் பட்டேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. வடமேற்கு மூலையில் நின்று அங்கிருந்து வெளியே 800 கெஜம், அதாவது முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நடந்து பாருங்கள். அதுதான் பாஸ்கவெனின் குழி நின்றுபோன தூரம்.

ஒரு நூலில் முற்றுகை கலைந்தது அக்டோபர் 6 என்றும் இன்னொன்றில் 17 என்றும் இருக்கிறதே? (சேலம் வாசகர்)

இரண்டும் ஒரே நாள். ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தனர். பிரெஞ்சுக்காரர் முன்பே கிரிகோரியன் முறைக்கு வந்துவிட்டனர். 18ஆம் நூற்றாண்டில் இடைவெளி 11 நாள். ஓர்ம் போன்ற ஆங்கில ஏட்டுத் தேதியோடு 11 கூட்டினால் பிரெஞ்சு ஏட்டுத் தேதி வரும். இந்தப் பக்கங்களில் முழுவதும் கிரிகோரியன் தேதிகளையே தந்திருக்கிறோம். ஆகவே படை கிளம்பிய ஆகஸ்ட் 19 ஓர்மிடம் ஆகஸ்ட் 8 என்றும், குழி தொடங்கிய செப்டம்பர் 10 அவரிடம் ஆகஸ்ட் 30 என்றும் இருக்கும்.